ஒருத்தராவது பாக்கணும்லா

ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம் என்று சீருடைக்காரர் ஒருவர் இந்தியில் சொல்லிக் கையை வீசிப் பிரித்துவிட்டபோது உலகம்மாளுக்குத் திக்கென்றது. பாஷை புரியாவிட்டாலும் கை புரிந்தது. மதுரை விமான நிலையத்திலும் இப்படித்தான் பிரித்தார்கள், ஆனால் அங்கே இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பட்டைக் கயிறுதான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரிந்துகொண்டே இருந்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரியும் பின்பக்கம் மட்டும் ஒரு கொத்து சொன்ன பேச்சுக் கேட்காமல் நிமிர்ந்து நிற்கிற தலை. இங்கே ஆண்கள் வரிசை வளைந்து ஒரு கூடாரத்துக்குப் பின்னால் போய்விட்டது, தலை தெரியவில்லை, நீலச் சட்டையும் தெரியவில்லை. தெரிந்தால் மட்டும் என்ன, கூப்பிட்டுவிடவா போகிறாள்? எப்படிக் கூப்பிடுவது என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. கல்யாணமாகித் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை, இத்தனை நாளும் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமி, ‘இங்க பாருங்க’, ‘காப்பி’, ‘போன் அடிக்கி’ என்று ஒப்பேற்றியாயிற்று. மதினி அண்ணனை ‘என்னங்க’ என்பாள், அந்த ‘என்னங்க’வில் பாதி நேரம் பயமும் மீதி நேரம் சலிப்புமாக இருக்கும், அதை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொள்ள உலகம்மாளுக்கு மனசு வரவில்லை. அத்தான் என்றால் சிரிப்பு வருகிறது. நாற்பத்தைந்து வயதில் அத்தானாம். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிறது, முன்னால் நிற்கிற பெண்ணுக்கும் வருகிறது, அதற்கு முன்னால் தோளில் சாய்ந்து தூங்குகிற குழந்தைக்கும் குட்டியாக ஒரு புகை. பனிக்கு அந்தப் பக்கம் சிவப்பும் சந்தன நிறமுமாக அவ்வளவு பெரிய மாளிகை, ராஷ்டிரபதி பவன், பள்ளிக்கூடப் புத்தகத்தில் தபால்தலை அளவில் பார்த்தது, அதன் குடம் கவிழ்த்த மாதிரியான கோபுரம் பனியில் கரைந்தும் கரையாமலும் நிற்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி அருவியில் முதல் தண்ணீர் விழுந்துவிட்டதாம் என்று சேதி வந்ததும் தென்காசியே ஒரு மாதிரி ஆகுமே, வேலைக்குப் போகிறவன் நடைகூட மாறிப்போகுமே, அந்த மாதிரி அவளுக்குக் காலையிலிருந்து உள்ளே ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறது.

குற்றாலிங்கம் என்பது அவர் பெயர். மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம், தப்பில்லை. குற்றாலிங்கம். முன்பதிவு செய்யாத காரியம் எதுவுமே அவருக்குக் காரியமில்லை. கடையநல்லூர்ப் பாதையில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் மேனேஜர், ஆவணிக் கல்யாணத்துக்கு மாசியிலேயே வந்து நிற்பார்கள், ‘கடைசி நேரத்துல வந்து கையப் பெசஞ்சா நான் என்ன செய்ய, முகூர்த்தத்த நானா அச்சடிக்கேன்’ என்று பிந்தி வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே அவருக்கு அது சுபாவமாகிப்போனது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் ஐம்பது தாண்டிவிட்டது, ஊருக்கெல்லாம் தேதி கொடுத்தவருக்குத் தன் தேதி கிடைக்கவில்லை என்று மண்டபத்துச் சமையல் மாஸ்டர்கள் கேலி பேசுவார்களாம், அவரே சொல்லிச் சிரித்தார். கடைசியில் கல்யாணம் கூடி வந்தபோது அதே மண்டபத்தில் கார்த்திகை முழுக்க ஒரு முகூர்த்தம்கூடக் காலியில்லை. யாரையாவது மாற்றிப் போடுங்கள் என்று முதலாளியே சொல்லியும் இவர் கேட்கவில்லை, பத்திரிகை அடித்தவனை எப்படி மாற்றுவது, கோயிலில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். உலகம்மன் சன்னிதியில் தாலி கட்டினார். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபத்துக்கு லீவு, அந்த லீவுக்குள் டெல்லி. விமானம் முன்பதிவு, விடுதி முன்பதிவு, இந்த மாளிகைக்குள் போக இன்ன நாள் இன்ன நேரம் என்று இரண்டு பேர் பெயரும் போட்டு முன்பதிவு, ‘அங்க உள்ள போறதுதான் எல்லாத்தயும் விட கஷ்டம், ஒரு நேரம் விட்டா மறு நேரம் கெடையாது, தெரியும்லா’ என்று விமானத்தில் அவள் காதோரம் குனிந்து சொன்னார், காது கூசியது. என்ன விசித்திரம். தன்னைப்பற்றி ஒரு மனிதர் முன்கூட்டி யோசித்திருக்கிறார், இவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சந்தோஷப்படுவாள், இவளுக்குக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும் என்று எல்லாம் முன்கூட்டி. இதுவரை அவள் போன பயணமெல்லாம் வண்டி கிளம்பும்போது ‘சரி, உலகும் ஏறிக்கட்டும்’ என்று யாரோ சொல்லிப் போனதுதான். எங்கே உட்கார்ந்தாள்? டிக்கி பக்கம், பாத்திரங்களோடு. கன்னியாகுமரிக்கு, திருச்செந்தூருக்கு, குற்றாலத்துக்கு எத்தனை தடவை. அண்ணன் வீட்டார் குளிக்கப் போவார்கள், கடலுக்குள் போவார்கள், படகில் போவார்கள். ‘உலகு, இதப் பாத்துக்கோ’ என்று கைக்கடிகாரம், பர்ஸ், துண்டு, செருப்பு, மதினியின் வளையல் எல்லாம் மடியில் வந்து சேரும். ஒரு தடவை, மூன்றாம் வகுப்புப் படித்த அண்ணன் மகள் கேட்டது, அத்தை உங்களுக்குத் தண்ணின்னா பயமா என்று. ஆமா என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? பயம்தான் என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துபோகும், அதனால்தான்.

வரிசை நகர்ந்தது. புது மெட்டி விரலிடுக்கில் கடிக்கிறது, நடக்கும்போதெல்லாம் நான் இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிறது, நாற்பத்தைந்து வருஷம் வெறுங்காலாக இருந்த விரலுக்கு அது புரிய நாளாகும். முன்னால் அந்த இரும்புச் சட்டகம், நிலை மாதிரி, கதவில்லாத நிலை. அதற்குள் ஒவ்வொருத்தியாக நுழைகிறார்கள், சிலருக்குச் சத்தம் வருகிறது, சிலருக்கு வரவில்லை. தனக்கு வரும். வராமலிருக்காது. லேபில் இருபது வருஷமாக ரத்தம் எடுக்கிறாள், ஊசிக்குப் பயந்து வியர்க்கிறவர்களைப் பார்த்து ‘ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்’ என்று சொல்கிறவள், இப்போது ஒரு சட்டகத்தைப் பார்த்து உள்ளங்கை வியர்க்கிறது, இந்தக் குளிரில். என்ன இருக்கிறது தன்னிடம்? ஆதார் கார்டு கையில். கைப்பையில் சீப்பு, போன், விடுதிக்காரர் கொடுத்த முகவரி அட்டை, இரண்டு பொரிவிளங்காய் உருண்டை. உருண்டையை வெடிகுண்டு என்று நினைத்துவிட்டால்? நினைப்பு வந்ததும் சிரிப்பும் வந்தது, சிரித்தால் சந்தேகப்படுவார்களோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மதினி இதை கல் மாதிரி இறுக்கிப் பிடித்துத்தான் கொடுத்தாள், பல்லும் போகாது, கத்தியும் போகாது. சிரிக்காதே. ஆதாரில் இருக்கிற முகம் தன் முகமா? அதில் ஏதோ திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறாள். இந்த முகம் வேறு, இன்று காலை விடுதிக் கண்ணாடியில் பார்த்தது வேறு, அந்தக் கண்ணாடியில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், மண்டபத்து வெள்ளை, எப்போதும் அதே வெள்ளை. இவள் பின்னால் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டே, எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, ‘அந்த நீலச் சட்ட நல்லாருக்கும்’ என்றாள். அவ்வளவுதான். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஒரு ஆண்பிள்ளையை இதைப் போடு அதைப் போடு என்று சொல்லி வழக்கமில்லை. அவர் கண்ணாடி வழியாகவே பார்த்தார். ‘நல்லாருக்கும்ங்கியா?’ என்று கேட்டு, போட்ட பொத்தானையெல்லாம் கழற்றி, வெள்ளையை நாற்காலியில் போட்டுவிட்டு நீலத்தை எடுத்தார். மறுபடி தலை சீவினார். அந்தக் கொத்து மறுபடி நிமிர்ந்தது. அறைக்குள் ஏதோ வெளிச்சம் கூடின மாதிரி இருந்தது. தான் சொன்ன ஒன்று இன்னொருவர் உடம்பில் ஏறி நடந்து வருகிறதே என்று ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் ஓரக்கண்ணால் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். போர் நினைவு வளைவு போனது, அகலமான தெருக்கள் போயின, அவர் கைகாட்டிக் காட்டி ஏதேதோ சொன்னார், அவள் சட்டைக் கையைத்தான் பார்த்தாள்.

பைகள் கன்வேயரில் போயின. அவள் முறை. நிலைக்குள் கால் வைத்தாள், கீச்சென்று கத்தியது. நினைத்தபடியே. சீருடை போட்ட பெண், சின்னப் பெண்தான், மதினியின் மூத்த மகள் வயதிருக்கும், திரைக்குள் கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொல்லிக் காட்டினாள். கையை விரித்தாள். ஸ்வெட்டரின் மேலாக அந்தப் பெண்ணின் கைகள் தோளிலிருந்து இறங்கின, இடுப்பில் நின்றன, முதுகில் போயின, அவசரமில்லாத, கோபமில்லாத, வேலை தெரிந்த கைகள். இது தன் கை. இப்படித்தான் தானும் தினமும் யார் யாரோ முழங்கையைத் தடவி நரம்பு தேடுகிறாள், தடவப்படுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? தன்னை யாரும் தொட்டதில்லை, வருஷக்கணக்காகத் தொட்டதில்லை, காய்ச்சல் வந்தால்கூடத் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டவள். இந்தச் சில நாளாகத்தான், அதை இங்கே எதற்கு நினைக்கிறாய், ஒரு போலீஸ்காரி முன்னால் கையை விரித்துக்கொண்டு. முகம் சூடாகியது. போலீஸ்காரி கையிலிருந்த கருவி கழுத்துக்குக் கீழே வந்ததும் குருவி மாதிரிக் கத்தியது. அந்தப் பெண் ஸ்வெட்டருக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்தாள், மஞ்சள் கயிறு, தாலி, அதோடு வரிசையாக ஐந்தாறு ஊக்கு. ஊக்கைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது, இந்தியில் ஏதோ கேட்டாள். பறிமுதல் செய்துவிடுவாளோ? தாலியோடு கழற்றித் தரச் சொன்னால்? உலகம்மாள் ஊக்கைத் தொட்டு, சேலை மடிப்பைத் தொட்டு, தோளைத் தொட்டு, ஜாக்கெட் கொக்கியைத் தொட்டு, எது எப்போது அறுந்தாலும் இதுதான் காப்பாற்றும் என்று ஒரு நாடகமே நடித்துக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு தன் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் ஒரு ஊக்கு. இரண்டு பேரும் சிரித்தார்கள். கயிற்றின் மஞ்சளைத் தொட்டு, புதுசா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. உலகம்மாள் தலையை ஆட்டினாள். ஆமாம், புதுசு, ரொம்பப் புதுசு, எல்லாமே புதுசு என்று கத்த வேண்டும்போல இருந்தது.

தாண்டியாயிற்று, மேசையில் ஆதாரையும் காட்டியாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். ஆண்கள் வருகிற வழி எதிரேதான். தொப்பிக்காரர் வந்தார், தொந்திக்காரர் வந்தார், காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்தார்கள், நீலச் சட்டை வரவில்லை. இவள்தான் முந்திவிட்டாளோ. இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒரு வழிகாட்டிப் பெண் கையை உயர்த்தி ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். எட்டிப் பார்த்தபோது ஒரு தடுப்புக் கயிற்றுக்கு அப்பால், அதிகாரி மேசைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், தடவிக்கொண்டிருந்தார், சட்டைப் பை, பேண்ட் பை, பின்பை, மறுபடி சட்டைப் பை. அந்தத் தடவல் ஒன்றே போதும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆதார். கையில் ரெடியாக இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தாரே, அவள் பார்த்தாளே. வெள்ளைச் சட்டை விடுதி நாற்காலியில் கிடக்கிறது. நீலம் நல்லாருக்கும் என்றவள் யார்? வயிற்றுக்குள் விழுந்துகொண்டிருந்த அருவி சட்டென்று நின்றுபோனது. அண்ணன். கன்னியாகுமரியில் படகு வரிசை, வாங்கிய டிக்கெட்டை மதினி சாப்பாட்டுக்கூடையோடு வேனிலேயே விட்டுவிட்டு வந்தாள், அவ்வளவுதான், அண்ணன் அந்த ஜனத்துக்கு நடுவில், ‘அறிவிருக்கா ஒனக்கு, மாடு’ என்று தொடங்கியது கரை ஏறி வேன் ஏறி வீடு வரைக்கும் ஓயவில்லை, அப்புறம் வருஷக்கணக்கில் எங்கே கிளம்பினாலும் அந்த டிக்கெட் வந்துவிடும். நல்ல மனுஷன்தான் அண்ணன், ஆனால் போட்ட திட்டம் கெட்டால் அவன் முகம் வேறு முகம். எல்லா ஆம்பிளைக்கும் அந்த வேறு முகம் உள்ளே இருக்கும் என்றுதான் உலகம்மாள் இத்தனை நாள் வாழ்ந்திருக்கிறாள். இவருடைய அந்த முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொன்றாக அடுக்கிய மனுஷன். பார்க்கப் போகிறாள், இதோ இப்போது பார்க்கப் போகிறாள், பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. அவர் இவளைத் தேடித் தலையைத் திருப்பினார், ஆனால் தப்பான பக்கம், பெண்கள் நுழைகிற பக்கம். கூப்பிட வேண்டும். தொண்டையைச் செருமினாள், இத்தனை சனத்தில் யாருக்குக் கேட்கும். ‘இங்க பாருங்க’ என்றாள், வாய்க்குள்ளேயே நின்றது. வழிகாட்டிப் பெண் நடக்கத் தொடங்கினாள். அப்போது தன் வாயிலிருந்து தனக்கு நன்றாகப் பழகிய ஒரு குரல் வந்தது, லேப் வாசலில் நின்று தினமும் காலையில் ரத்தம் கொடுக்க வந்தவர்களைக் கூப்பிடுகிற குரல்: “குற்றாலிங்கம்!”

தலைநகரமே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அவரும் திரும்பினார், அடுத்து தன் முறைதான் என்று எழுந்துவிட்ட ஆளைப் போல விறைப்பாக. கயிற்றை நோக்கி வந்தார். அவளும் போனாள். நடுவில் சீருடைக்காரர் கையை நீட்டி, இதற்கு மேல் கூடாது என்று காட்டினார். “கார்ட மறந்துட்டேன்,” என்றார் அவர். “போன்ல போட்டோ இருக்கு, காமிச்சேன். அசல்தான் வேணும்ங்கான். அவன் சொல்லதும் சரிதான், பாஸ்லயே எழுதியிருக்கு.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தாள், அங்கே ஒரு நரம்பு புடைத்திருந்தது, நல்ல நரம்பு, ஊசி குத்தினால் முதல் தடவையிலேயே ஏறும். “ரூமுக்குப் போய் எடுத்துட்டு...” என்றாள். “அதுக்குள்ள நேரம் தாண்டிரும். அடுத்த நேரம் எல்லாம் நாம ஊருக்குப் போற வரைக்கும் ஃபுல்லு. அவங்கள்ட்ட கேட்டுட்டேன்.” அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. வருகிறது, அது வருகிறது. அவளே முந்திக்கொண்டாள்: “நாந்தான் சட்டைய மாத்தச் சொன்னேன். அந்த வெள்ளச் சட்டையிலதான் இருக்கு.” அவர் அப்போதுதான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், எங்கே தொலைந்தது என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம். பிறகு உள்ளங்கையால் நெஞ்சுப் பக்கம் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார். “சட்ட நல்லாத்தான இருக்கு?” என்றார். அவள் சட்டையையே பார்த்தாள். “ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன், நல்லாருக்கா இல்லியா?” “நல்லாருக்கு,” என்றாள், கண்ணில் தண்ணீர் முட்டி அவர் நீலமாகக் கலங்கித் தெரிந்தார். “அப்ப சரி. நீ உள்ள போ.” “நானா? நீங்க இல்லாமயா? வேண்டாம், நானும் வந்துருதேன்.” “ரெண்டு பேரும் வெளிய நின்னு என்ன செய்ய? ஒருத்தராவது பாக்கணும்லா. பைய எங்கிட்ட குடு, போனயும் குடு, கைய வீசிட்டுப் போ. ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு.” “எனக்கு இந்தி தெரியாதே.” “எனக்கு மட்டும் தெரியுமா? கண்ணு தெரியும்லா. போ, போ, அந்தப் பிள்ள நடக்க ஆரம்பிச்சுட்டா.” கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டிப் பையை வாங்கி, பெண்பிள்ளைப் பை என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஏமாற்றம் இருந்தது அவர் முகத்தில், அதை மறைக்கவும் இல்லை, மாளிகையின் கோபுரத்தை ஒரு தடவை ஏக்கமாக அண்ணாந்து பார்த்தார், பிறகு இவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வேறு முகம் வரவே இல்லை. அதற்காகக் காத்திருந்த இடத்தில் இதே முகம்தான், கொஞ்சம் வாடி, நின்றது.

போனாள். கைகள் சும்மா தொங்கின, சும்மா தொங்குகிற கை எவ்வளவு எடை, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள், பிறகு உண்மையிலேயே வீசினாள். படிகள். படிகள் ஏறும்போது நின்றுபோன அருவி மறுபடி விழத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு. இதோ பார்க்கிறேன். தூண்கள், ஒருத்தி கட்டிப்பிடித்தால் பாதிகூட வராத தூண்கள். தரை, தரையில் தன் சேலைக்கரை தலைகீழாகத் தெரிகிறது, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். மண்டபத்துத் தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் செருப்போடு ஏறுகிறார்களே என்று தினமும் புலம்புகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும். வட்டமான பெரிய கூடம், நடுவில் உச்சியிலிருந்து இறங்குகிற கண்ணாடிச் சரவிளக்கு, இது எவ்வளவு எடை, இதை யார் துடைப்பார், ஏணி எங்கிருந்து வரும், அவர் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார், முதலில் ஏணியைத்தான் கேட்டிருப்பார். சிவப்புப் பின்னணியில் புத்தர் நின்றார், பழைய கல், பாதிச் சிரிப்பு. இன்னொரு கூடத்தில் கூரை முழுக்கச் சித்திரம், ராஜா குதிரையில் வேட்டைக்குப் போகிறார், அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது, வலிக்கட்டும், ஒன்று விடக்கூடாது. புலி எத்தனை, மான் எத்தனை என்று கேட்டால் சொல்ல வேண்டாமா? வழிகாட்டிப் பெண் இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள், லேப் ரிப்போர்ட்டில் வருகிற இங்கிலீஷை விட இது சுலபமாகத்தான் இருந்தது, பாதி பிடிபட்டது, மீதியைக் கண்ணால் இட்டு நிரப்பினாள். அப்புறம் ஒரு நீளமான அறை. அந்த அறையில் அவள் நின்றுவிட்டாள். ஒரே ஒரு சாப்பாட்டு மேசை, நம் ரத வீதி மாதிரி நீளம், இரண்டு பக்கமும் நாற்காலி, சுவரில் பழைய ஜனாதிபதிகளின் படங்கள். படங்களுக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள். எப்போது பரிமாறுவது, எப்போது தட்டை எடுப்பது என்று பரிமாறுகிறவர்களுக்கு அந்த விளக்குதான் நிறம் மாற்றிச் சொல்லுமாம், சத்தமே கிடையாதாம். சர்வ், கிளியர், லைட், இந்த மூன்று வார்த்தையும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன. அவள் அந்தக் கண்ணாடி மௌனத்துக்குள் நின்றுகொண்டு மண்டபத்தை நினைத்தாள், ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள், பந்தி நடுவில் அவர் தோள்துண்டைச் சுழற்றிச் சுழற்றி ‘ஏ, ரசம் இந்தப் பக்கம்! மோரு, மோரு எங்கடே!’ என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். கைதட்டிச் சிரிக்கலாம்போல இருந்தது. பக்கத்தில் நின்ற வடக்கத்திக்காரியிடம் சொல்லிவிடலாமா, என் வீட்டுக்காரர் இதே வேலைதான் பார்க்கிறார், விளக்கில்லாமல் பார்க்கிறார் என்று. என் வீட்டுக்காரர். வார்த்தை எவ்வளவு லேசாக வந்தது. அவர்கள் நகர்ந்த பிறகும் அவள் நின்று, எந்தப் படத்துக்கு மேல் எத்தனை விளக்கு, எந்தப் பக்கம் கதவு, பரிமாறுகிறவன் எங்கிருந்து வருவான் என்று பார்த்துப் பார்த்து உள்ளே போட்டுக்கொண்டாள், வழிகாட்டிப் பெண் திரும்பி வந்து ‘மேடம்’ என்று கூப்பிடும் வரை. மேடமாம்.

வெளியே வந்தபோது பனி விலகி வெயில் அடித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் இல்லை. கூடாரத்தில் இல்லை. மேசைக்கு முன்னால் வேறு யாரோ. போனும் அவரிடம், பையும் அவரிடம், விடுதி முகவரிகூட அந்தப் பைக்குள்தான். கோபித்துக்கொண்டு போயிருப்பாரோ, அந்தக் கோபம் மெதுவாக வருகிற கோபமோ, மருந்து ஏறுகிற மாதிரிச் சில பேருக்கு நேரமெடுத்து வருமே. சே, அப்படி இருக்காது. இருந்தால்? இத்தனை பெரிய ஊரில், பாஷை தெரியாமல், பதற்றத்தோடு அவள் கிட்டத்தட்ட ஓடி வெளிவாசலைத் தாண்டியபோது சாலைக்கு எதிர்ப்புறம், மரத்தடி வெயிலில், தோளில் அவள் பையோடு, அவர் கையை உயர்த்தி உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். “அங்கன நிக்கக் கூடாதுன்னு வெரட்டிட்டான். நான் இங்கன இருந்து எத்தன நேரமாக் கைய ஆட்டுதேன், நீ பாக்கவே மாட்டேங்க,” என்றார். பிறகு உடனே, பொறுக்காமல்: “எப்பிடி இருந்துச்சு?” அவளுக்கு மூச்சு வாங்கியது. எங்கே தொடங்க? விளக்கா, குதிரையா, தரையா? “பந்திக்கு லைட்டு போடுதாங்க!” என்றாள். “என்னது?” “சுவர்ல லைட்டு. நிறம் மாறும். ஒரு நிறம் வந்தா வைக்கணும், இன்னொண்ணு வந்தா எடுக்கணும், யாரும் கத்தவே வேண்டாம், நம்ம மண்டபத்துல வச்சா உங்க தொண்ட தப்பிச்சிரும். அப்புறம் புத்தரு, அப்புறம் கூரையில ராஜா, தரை இருக்கே...” “இரு, இரு, பையப் பையச் சொல்லு,” என்று சிரித்தார். நடக்கத் தொடங்கினார்கள். “இப்பிடி பந்தி நடுவுல வந்து உக்காந்தா எனக்கு எப்பிடிப் புரியும்? மொதல்லேருந்து சொல்லு.” மொதல்லேருந்து. முதல் என்பது எது? மெட்டி கடித்தது. இதுவரை தன் தலைக்குள் ஓடுகிற எதையும் யாரிடமும் முதலிலிருந்து சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை, சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பார்? “மொதல்லன்னா...” என்றாள், “நம்மள ரெண்டு வரிசையாப் பிரிச்சுட்டாங்கல்லா, அப்பமே எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. அப்புறம் நீங்க கார்டக் காணாமத் தேடுனீங்கல்லா, நான் ரொம்பப் பயந்துட்டேன். உங்களுக்குக் கோவம் வந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா.” அவர் நடையைக் குறைத்தார். யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். “வரும்,” என்றார். “சாம்பாரு அடி புடிச்சா வரும். மாஸ்டர்மாரு யாரயும் கேட்டுப்பாரு, சொல்லுவாங்க. ஒரு நா முழுக்க யாருட்டயும் பேச மாட்டேன்.” “ஒரு நாளா?” “ஒரு நாதான். மறுநா நானே வந்து பேசிருவேன்.” பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். “ம், நீ சொல்லு. பயந்தியே, அப்புறம்?” அவள் சொன்னாள், கன்னியாகுமரிப் படகு வரிசையைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள், போலீஸ்காரியின் காலரில் இருந்த ஊக்கைச் சொன்னாள், கையை விரித்து அந்த நாடகத்தை நடு நடைபாதையில் மறுபடி நடித்துக் காட்டினாள், எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், ஆட்டோக்கள் நிற்கிற இடம் வந்தது, ஒருவன் கூப்பிட்டான், இருவர் காதிலும் விழவில்லை, சொல்லி வந்த கதையில் அவள் இன்னும் மாளிகையின் முதல் படியைக்கூட ஏறியிருக்கவில்லை.